20 கிலோ குலை, 40 அடி மரம்: தொப்பி தாங்குமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பி பழம் வெட்டுகிறான். மரமெல்லாம் 40 அடிக்கு வளர்ந்துவிட்டது, ஒரு குலை 20 கிலோ வரும். கவனமாக இருடா என்றால், "பாதுகாப்புத் தொப்பி போட்டிருக்கேன் அக்கா, ஒன்னும் ஆகாது" என்கிறான். அந்தக் குலை எத்தனை கிலோ பாரத்தோடு வந்து விழும்? தொப்பி தாங்குமா?

பதில்: தாங்காது, சகோதரி. தம்பியிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

முதலில் வேகம். உயரத்தை மீட்டரில் எடுத்து 19.6ஆல் பெருக்கி, வர்க்கமூலம் பார்த்தால் போதும். 40 அடி என்பது ஏறக்குறைய 12 மீட்டர், அப்படியானால் விநாடிக்கு 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். இவ்வளவு கனமான பொருளைக் காற்று பெரிதாகத் தடுக்காது. காம்பு அறுந்து தரையைத் தொட ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் விலகிவிடலாம் என்று நம்பவே கூடாது, ஏனென்றால் வெட்டுகிறவர் கண் அரிவாள் நுனியில் இருக்கும், இரண்டு கையும் கம்பத்தைப் பிடித்திருக்கும், போதாததற்குக் குலை பழைய மட்டைக்கட்டையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, எத்தனை கிலோ? இதற்கு ஒரே பதில் கிடையாது. குலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் விஷயம். மழையில் ஊறிய மண்ணில் 10 சென்டிமீட்டர் அழுந்தி நின்றால், விழுந்த உயரம் அதைப்போல 120 மடங்கு, ஆகவே சராசரி விசையும் எடையைப்போல 120 மடங்கு: 2,400 கிலோ பாரத்துக்குச் சமம். இறுகிய செம்மண் பாதையில் 2 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் அதுவே 12 டன். அப்படி விழும் குலையிலிருந்து உதிரிப் பழம் நாலாபக்கமும் தெறிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் மனிதத் தலையும் கழுத்தும் இருந்தால்?

சரி, தொப்பிக்கு வருவோம். ஐரோப்பாவின் இஎன் 397 தரச் சோதனையில் தொப்பிமேல் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். அந்த அடியின் ஆற்றல் சுமார் 49 ஜூல். தம்பி வெட்டும் குலையில் இருப்பது ஏறக்குறைய 2,350 ஜூல், 48 மடங்கு. மரம் குட்டைதானே என்று 3 மீட்டர் மரத்தடியில் நிற்பவர்களுக்கும் சொல்கிறேன், அதுகூட 12 மடங்கு. தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. உதிரிப் பழம், மட்டைத் துண்டு தலையில் விழும்போது அது கட்டாயம் உதவும். குலைக்கு நேர் கீழே நிற்காமல், தள்ளி நின்று சாய்வாக வெட்டுவதுதான் பாதுகாப்பு. எனக்கு இன்னும் கவலை, பின்னால் உதிரி பொறுக்கும் பெண்களைப் பற்றி. குனிந்திருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. குலை தரைக்கு வந்து சேரும்வரை அந்த மரத்துப் பக்கமே யாரும் போகக்கூடாது, மண்டோர் (மேற்பார்வையாளர்) அவசரப்படுத்தினாலும் சரி.

கேள்வி: டுரியான் சின்னது, செம்பனைக் குலை பெரியது. ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது வேகமாக விழும்? (சுங்கை சிப்புட் மாணவர்)

பதில்: இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் தம்பி, எடைக்கும் விழும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்காக டுரியானை லேசாக நினைக்காதே. 15 மீட்டரிலிருந்து விழும் 2 கிலோ பழம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும், ஆற்றல் கிட்டத்தட்ட 294 ஜூல். மொத்த விசையும் நாலைந்து முள் நுனியில் இறங்குவதால் காயம் ஆழமாகப் படும். அப்புறம், கைப்பேசியில் பழம் விழுவதைத் தூர நின்று படம் பிடித்து, காம்பு விட்டதிலிருந்து தரை தொடும்வரை எத்தனை விநாடி என்று பார். அதை அதாலேயே பெருக்கி 4.9ஆல் பெருக்கினால் மரத்தில் பழம் இருந்த உயரம் மீட்டரில் வந்துவிடும்.