ஆண்டிஸ் மலையின் இரு புறமும்: தென் அமெரிக்க ஒயின்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஒயின் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் தென் அமெரிக்காவைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன். அர்ஜென்டினா, சிலி, பிரேசில், உருகுவே ஆகிய நான்கே அக்கண்டத்தின் முக்கிய உற்பத்தி நாடுகள். பெருவும் பொலிவியாவும் மதுவுக்கான திராட்சையைப் பெரும்பாலும் காய்ச்சி வடித்து, பிஸ்கோ, சிங்கானி போன்ற கடுமையான மதுவாக மாற்றிவிடுவதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

கேள்வி: அர்ஜென்டினாவின் மெண்டோசாவும் சிலியின் சாண்டியாகோவும் வரைபடத்தில் அக்கம்பக்கமாகத்தான் தெரிகின்றன. ஆனால் அர்ஜென்டினா, சிலி இரண்டின் சிவப்பு ஒயின்களையும் ஒரே மாலையில் சுவைத்தபோது அவற்றுக்குள் எந்த உறவும் இல்லாததுபோல் இருந்தது. ஏன்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: நேர்க்கோட்டில் அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் 6,961 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவா சிகரமும் அதைச் சுற்றிய ஆண்டிஸ் மலைத்தொடரும் நிற்கின்றன. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தன் மழையையும் பனியையும் சிலிப் பக்கத்திலேயே கொட்டிவிடுவதால், மறுபுறத்தில் உள்ள மெண்டோசா மழை மறைவுப் பகுதியாகி, ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையோடு நின்றுவிடுகிறது. ஆகவே அங்கே திராட்சை முழுக்க முழுக்கப் பாசனப் பயிர். மலையில் உருகும் பனிநீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவரும் முறையை, ஸ்பானியர் வருவதற்கு முன்பே உவார்ப்பே பழங்குடியினர் கையாண்டனர். அந்த நீரை முறை வைத்துப் பங்கிடும் உரிமையை மெண்டோசா மாகாணம் 1884-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் எழுதி வைத்தது. இன்றும் அங்கே நிலம் கைமாறும்போது தண்ணீர் உரிமையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுகிறது. நீர் உரிமை இல்லாத நிலத்தில் கொடி நடுவதைப் பற்றி யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மெண்டோசாவின் தோட்டங்கள் பெரும்பாலும் 600 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கின்றன. உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக, அதைத் தாங்குவதற்காகப் பழத்தின் தோல் தடிக்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருப்பதால் ஒயின் கருஞ்சிவப்பாக இறங்குகிறது. பகலில் நன்றாகக் கனியும் பழம், இரவின் குளிரில் தன் புளிப்பை இழக்காமலும் தப்பிக்கிறது.

சிலியில் ஆட்சி செலுத்துவது கடல். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையோரத்தைக் குளிர்விப்பதால், காசாபிளாங்கா பள்ளத்தாக்கில் கோடையிலும் காலை நேரம் மூடுபனியோடுதான் விடிகிறது. 1982-இல் பாப்லோ மொராண்டே என்ற ஒயின் வல்லுநர் அங்கே கொடி நட்டபோது, அந்தக் குளிரில் பழம் பழுக்குமா என்று ஐயப்பட்டவர்கள் பலர். இன்று சிலியின் சிறந்த வெள்ளை ஒயின்களில் ஒரு பகுதி, குறிப்பாகப் புல்வாசமும் எலுமிச்சைப் புளிப்பும் உள்ள சோவின்யோன் பிளாங்க், அங்கிருந்தும் அதற்குத் தெற்கே உள்ள லெய்டாவிலிருந்தும் வருகிறது. உள்நாட்டில், சாண்டியாகோவை ஒட்டிய மைப்போ பள்ளத்தாக்கில், பகல் வெயிலும் இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் சேர்ந்து, நிமிர்ந்த துவர்ப்புள்ள கபெர்னே சோவின்யோன் என்னும் சிவப்பு ஒயினைத் தருகின்றன. சிலி அரசே 2011-க்குப் பிறகு கடற்கரை, இரு மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதி, ஆண்டிஸ் அடிவாரம் என்ற மூன்று பிரிவுகளைப் புட்டியில் குறிப்பிட அனுமதித்துள்ளது. அர்ஜென்டினா ஒயின் என்றால் தோட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், சிலி ஒயின் என்றால் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நாட்டின் பெயரைவிட அந்த விவரமே உங்களுக்கு அதிகம் பயன்படும்.

கேள்வி: சிலி பல ஆண்டுகளாக வேறு ஏதோ ஒரு திராட்சையை 'மெர்லோ' என்று விற்றுவந்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மைதானா? (வாசகி, சென்னை)

பதில்: உண்மைதான், ஆனால் யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. சில்வெஸ்ட்ரே ஒச்சகாவியா என்ற சிலிப் பண்ணையார் 1851-இல் பிரான்சிலிருந்து பலவகைக் கொடிகளை வரவழைத்தார். அந்தக் காலத்தில் பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து சிலிக்கு வந்த ரகங்களில் கார்மெனேரும் ஒன்று. பின்னர் ஃபிலாக்ஸரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, பூ நன்றாகப் பிடிக்காத, தாமதமாகப் பழுக்கும் கார்மெனேரை மறுபடி நடுவதற்குப் போர்தோ விவசாயிகள் முன்வரவில்லை. பிரான்சில் ஏறக்குறைய மறைந்துபோன அந்த ரகம், சிலித் தோட்டங்களில் மெர்லோ கொடிகளோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

1994 நவம்பர் 24 அன்று, மைப்போவில் உள்ள கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுத் திராட்சையியலாளர், பூத்திருந்த கொடி ஒன்றின் மகரந்தக் காம்புகள் முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். மெர்லோவில் அவை அப்படி இருப்பதில்லை. இளந்தளிரின் அடிப்பக்கமும் இதில் சிவந்திருக்கும், மெர்லோவில் வெளுத்திருக்கும். அதுவரை சிலி மெர்லோவில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கிறது என்று குறை சொன்னவர்களுக்கு அன்றுதான் காரணம் விளங்கியது. மெர்லோ பழுக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பறித்ததால், இன்னும் சில வாரங்கள் கொடியில் நிற்கவேண்டிய கார்மெனேர் காயாகவே ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரித்து நட்டு, தாமதமாகப் பறிக்கத் தொடங்கிய பிறகு, கரும்பிளம், சாக்லேட், லேசான மிளகு வாசத்தோடு மென்மையான துவர்ப்புள்ள ஒயின் கிடைத்தது. சீனாவில் 'கபெர்னே கெர்னிஷ்ட்' என்று வளர்க்கப்படும் கொடியும் இதே கார்மெனேர்தான் என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. தாய்நாடு கைவிட்ட ஒரு கொடிக்கு இரண்டு கண்டங்களில் வேறு பெயரில் வாழ்க்கை கிடைத்திருக்கிறது.

ஃபிலாக்ஸரா பூச்சி இன்றுவரை சிலியில் பரவவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மலை, கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம் ஆகியவை அரணாக நிற்க, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் கடுமையாக உள்ளன. அதனால் அங்கே பல தோட்டங்களில் கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

கேள்வி: மால்பெக் திராட்சை பிரெஞ்சு ரகம் என்றால், அதை அர்ஜென்டினாவின் அடையாளமாகக் கொண்டாடுவது நியாயமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நியாயம்தான் என்பது என் கருத்து. மிஷேல் எமே பூழே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞரின் பொறுப்பில் மெண்டோசாவில் ஒரு மாதிரிப் பண்ணை அமைக்க 1853-இல் திட்டம் போடப்பட்டது. மால்பெக் அந்த வழியில் வந்தது. அத்திட்டம் முன்வைக்கப்பட்ட ஏப்ரல் 17-ஐத்தான் இன்று உலக மால்பெக் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1885-இல் புவனஸ் அயர்ஸிலிருந்து ரயில் பாதை வந்ததும் இத்தாலிய, ஸ்பானியக் குடியேறிகள் பெருகி, ஒயின் தொழில் பெருந்தொழிலாயிற்று. பிரான்சிலோ, பூக்கும் பருவத்தின் மழையிலும் குளிரிலும் மால்பெக் காய்ப்பிடிக்காமல் தவித்தது. 1956 பிப்ரவரியின் கடும் உறைபனியில் போர்தோவில் கொடிகள் மடிந்தபோது, பெரும்பாலோர் அதைத் திரும்ப நடவில்லை. இன்று பிரான்சில் அது தலைநிமிர்ந்து நிற்கும் இடம் தென்மேற்கில் உள்ள காஓர் பகுதி மட்டுமே. அங்கே அது கறுத்தும் முரடாகவும் இருக்கும். மெண்டோசாவிலோ அதே ரகம் நாவற்பழம்போன்ற கனிச்சுவையோடு பட்டாக இறங்குகிறது.

ஆனால் அர்ஜென்டினாவும் அதை எப்போதும் மதித்துப் போற்றியதில்லை. உள்நாட்டிலேயே குடித்துத் தீர்த்த மலிவான ஒயினுக்குத் தேவை குறைந்தபோது, 1980-களில் பழைய மால்பெக் தோட்டங்கள் பெருமளவில் வேரோடு பிடுங்கப்பட்டன. அதன்பின் தரத்தின் பக்கம் திரும்பியவர்களில் நிக்கோலாஸ் கத்தேனா முக்கியமானவர். 1992-இல் குவால்தயாரி என்ற இடத்தில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் அவர் தோட்டம் அமைத்தார். இந்தத் தொழிலின் பெரிய பகைவன் ஆலங்கட்டி மழை. பத்து நிமிடத்தில் ஓராண்டு மகசூலை அழிக்கும் அதற்கு அஞ்சி, கொடி வரிசைகளின் மேல் கறுப்பு வலை விரித்திருப்பதை மெண்டோசாவில் எங்கும் காணலாம்.

கேள்வி: சிவப்பு ஒயினின் துவர்ப்பு எனக்கு ஒத்துவருவதில்லை. அர்ஜென்டினாவில் வெள்ளை ஒயின் இல்லையா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: தொரொண்டேஸ் இருக்கிறது. கிரியோயா சிக்கா என்ற பழைய திராட்சையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் அர்ஜென்டினா மண்ணிலேயே இயற்கையாகக் கலந்து பிறந்த ரகம் இது. சால்த்தா மாகாணத்தின் கஃபாயாத்தேயில், 1,700 மீட்டர் உயரத்தில், மிகச் சிறப்பாக விளைகிறது. மூக்கில் ரோஜாவும் மல்லிகையும் கமழ்வதால் இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் குடிப்பீர்கள். நாக்கிலோ இனிப்பே இருக்காது. நன்றாகக் குளிரவைத்து, ஓராண்டுக்குள் குடித்துவிடுங்கள்.

கேள்வி: உருகுவேயின் தன்னாத் ஒயினை ஒருமுறை வாங்கி, வாய் கட்டிப்போய், மீதியைக் கீழே ஊற்றிவிட்டேன். அதை எப்படித்தான் குடிக்கிறார்கள்? (வாசகர், டொராண்டோ)

பதில்: மாட்டிறைச்சியோடு குடிக்கிறார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பெருமளவு அடக்கிவிடும். பிரான்சின் தென்மேற்கில் மதிரான் பகுதிக்குரிய இந்த ரகத்தை, பாஸ்கல் அரியாக் என்ற பாஸ்க் குடியேறி 1870-களில் உருகுவேயின் சால்த்தோ பகுதியில் பரப்பினார். ஆண்டிஸ் மலையின் துணை உருகுவேக்கு இல்லை. அந்நாட்டின் மிக உயர்ந்த குன்றே 514 மீட்டர்தான். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றும், ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையும், களிமண்ணும் சேர்ந்த நிலம் அது. தடித்த தோலுள்ள தன்னாத் அந்த ஈரத்தில் அழுகாமல் தாக்குப்பிடிக்கிறது. வெயில் சுட்டெரிக்காத கானெலோனெஸ் போன்ற பகுதிகளில் அது மதிரானைவிடச் சற்று இளகிய ஒயினாகிறது. ஒயினில் நுண்ணிய குமிழ்களாக ஆக்சிஜனைச் செலுத்தித் துவர்ப்பைப் பதப்படுத்தும் நுட்பம், தன்னாத்தை அடக்குவதற்கென்றே 1990-களின் தொடக்கத்தில் மதிரானில் உருவானது. நீங்கள் வாங்கியது மிக இளம் ஒயினாக இருந்திருக்கலாம். அடுத்தமுறை நான்கைந்து ஆண்டு பழையதை வாங்கி, அகன்ற வாயுள்ள ஜாடியில் ஒரு மணி நேரம் ஊற்றி வைத்துவிட்டு, ஆட்டுக்கறி வறுவலோடு பாருங்கள்.

கேள்வி: பிரேசில் வெப்பநாடு. அங்கே எப்படி ஒயின் திராட்சை விளைகிறது? (வாசகர், தேனி)

பதில்: இந்தக் கேள்வி தேனியிலிருந்து வந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. பிரேசிலில் இரண்டு உலகங்கள் உண்டு. தென்கோடியில் ரியோ கிராண்டே தோ சுல் மாநிலத்தின் செர்ரா கவுசா மலைப்பகுதிக்கு 1875 முதல் வடக்கு இத்தாலியர் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த ஐரோப்பியக் கொடிகள் மழையிலும் பூஞ்சைநோயிலும் மடிய, நோய் தாங்கும் அமெரிக்க இனமான இசபெல்லாவைப் பந்தலில் ஏற்றினர். நம் பெங்களூர் ப்ளூவும் அந்த இசபெல்லாதான். இன்றும் அம்மாநிலத்தின் திராட்சையில் பெரும்பகுதி இத்தகைய ரகங்களே. அவை பழச்சாறாகவும் மலிவான ஒயினாகவும் போகின்றன. ஐரோப்பிய ரகங்களில் செய்த ஒயினைச் சட்டமே தனி வகையாகப் பிரிக்கிறது. அறுவடைக் காலத்து மழைக்கு அஞ்சிப் பழத்தைச் சற்று முன்னதாகவே பறிக்க நேர்வதால் புளிப்பு தூக்கலாக நிற்கும். சிவப்பு ஒயினுக்குக் குறையாகும் அந்தப் புளிப்பு நுரைக்கும் ஒயினுக்கு வரமாக அமைந்துவிட, கரிபால்தி, பெண்ட்டோ கொன்சால்வெஸ் ஊர்களின் நுரை ஒயின்களே இன்று பிரேசிலின் பெருமையாக உள்ளன. என் கணிப்பில் இந்தக் கண்டத்தில் உரிய மதிப்புக் கிடைக்காத ஒயின்கள் இவைதான்.

மற்றொன்று வடகிழக்கின் சாவ் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8, 9 பாகைகளில் உள்ள வறண்ட நிலம் அது. குளிர்காலமே இல்லாததால் கொடி தானாக உறங்குவதில்லை. ஆகவே தண்ணீரை நிறுத்தி, கவாத்து செய்து, விவசாயியே அதை உறங்கவைத்து எழுப்புகிறார். ஒரே நாளில் ஒரு பாத்தியில் தளிரும், அடுத்ததில் பூவும், அதற்கடுத்ததில் பறிப்பும் நடக்கும். ஆண்டுக்கு இரண்டு அறுவடை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையிலும் கவாத்துக் கணக்கு இதேபோல்தான் நடக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சாவ் பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் உள்ள பெட்ரோலினா நகரைச் சுற்றி, அங்கே விளையும் பழத்தை இனிப்பான மஸ்கட் நுரை ஒயினாக்கி விற்கிறார்கள்.

கேள்வி: இதயத்துக்குச் சிவப்பு ஒயின் நல்லது என்பதால் தினமும் ஒரு கோப்பை குடிக்கலாமா? (வாசகர், கொழும்பு)

பதில்: உடல்நலத்துக்காகக் குடிக்கவேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: புட்டியில் 'ரிசர்வா' என்று இருந்தால் தரமானது என்று நம்பி வாங்கலாமா? எப்படிப் பரிமாறவேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: ஸ்பெயினில் அச்சொல்லுக்குக் கண்டிப்பான முதிர்வுக் காலம் உண்டு, சிலியில் அது மிகத் தளர்வான சொல். ரகத்தின் பெயரும் முழு உறுதி ஆகாது. சிலியின் உள்நாட்டுச் சட்டப்படி அந்த ரகம் 75 சதவீதம் இருந்தால் போதும். அர்ஜென்டினாவில் 85 சதவீதம் வேண்டும். பள்ளத்தாக்கின் பெயரும் அறுவடை ஆண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறவேண்டும் என்ற விதி ஐரோப்பிய அறைக்கு உரியது. மதுரை அறையில் 32 பாகை இருக்கும்போது மால்பெக்கில் சாராய நெடிதான் முந்திக்கொண்டு வரும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 16 முதல் 18 பாகைக்கு வந்ததும் எடுத்து ஊற்றுங்கள்.