வரலாற்றாளர் வீதிக்கு வரலாமா?

கேள்வி: திருகோணமலைக் கோணேசர் ஆலயம் போன்ற மரபுரிமைப் பிரச்சினைகளில் வரலாற்றாளர்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்தால் அவர்களுடைய நடுநிலை கெட்டுவிடாதா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: தாராளமாகக் குரல் கொடுக்கலாம், ஆனால், சான்று சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில், கயல் சின்னத்தோடு, மன்னன் குளக்கோட்டன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) குலைப்பர் என்னும் பாடலின் சிதைந்த எழுத்துகளைக் காணலாம். கல்லில் எஞ்சியிருக்கும் எழுத்து எது, பின்னாளில் வாய்மொழி மரபு நிரப்பிய அடி எது என்று பிரித்துக் காட்டும் வரலாற்றாளரே நம் ஊருக்குப் பேருதவி செய்கிறார். ஏனெனில், மிகைப்படுத்திய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உண்மை முழுவதையும் மறுப்பது எதிர்த்தரப்புக்கு மிக எளிது.

அண்மைக்கால நினைவுகளின் நிலை இதனினும் அவசரமானது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டோர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில், பெற்றோரின் வாக்குமூலங்களை அவர்கள் சம்மதத்தோடு, திகதியிட்டு, அவர்கள் சொன்னபடியே பதிவுசெய்வது வரலாற்றாளரின் கடமை. அதைச் செய்யாத மௌனத்தை நடுநிலை என்று நான் ஏற்கமாட்டேன்.