மார்கழித் தண்ணீர்

கேள்வி: எட்டுப் பரப்புக் காணியும் வீடும் விற்கிறேன். மார்கழி லீவுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் பார்க்க வந்தார். கிணற்றுத் தண்ணீர் எப்படி என்றார். ஒரு வாளி அள்ளிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்ல தண்ணீர் என்றார். ஓம் என்றேன். ஆனி, ஆடியில் அது சவர்த்துப்போகும் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது பொய்யா? தருமரே பாதி உண்மைதானே சொன்னார்?
— பெயர் போட வேண்டாம், அராலி.

பதில்: தருமரைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். சரி, விசாரிப்போம். அசுவத்தாமன் செத்தான் என்று உரக்கச் சொன்னவர், யானை என்ற சொல்லையாவது வாய்க்குள் முணுமுணுத்தார். நீங்கள் அதுவும் செய்யவில்லை. அந்த முணுமுணுப்புக்கே, நிலத்துக்கு நாலு விரல் மேலே ஓடிய அவருடைய தேர் மண்ணில் இறங்கியது. கடைசியில் நரகத்தையும் ஒருதரம் பார்க்க வேண்டி வந்தது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. ஐப்பசி தொடங்கிப் பெய்கிற மழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. கோடையில் இறைக்க இறைக்க அந்த நன்னீர் மெலியும், உவர் மேலே ஏறும். கடலேரிக்குக் கிட்ட இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழியில் அள்ளினால் எந்தக் கிணறுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்? அவர் கேட்டது கிணற்றை. நீங்கள் கொடுத்தது ஒரு வாளியை. வாளியில் இருந்தது நல்ல தண்ணீர்தான், மறுக்கவில்லை.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கூரை மாற்றக் கடன்பட்ட கதையோ, தம்பியோடு ஏன் பேச்சில்லை என்பதோ அவருக்கு எதற்கு? (தம்பியோடு சண்டை இந்தக் காணியாலே என்றால், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) சொன்னால் விலை இறங்குமென்று தெரிந்து நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் இடிக்கிறது. அவர் கேட்கவில்லையாம்! ரொறன்ரோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் மனிதருக்கு ஆனிக்கும் மார்கழிக்கும் கிணறு ருசி மாறும் என்பது எப்படித் தெரியும்? தெரிந்தால்தானே கேட்பார்.

சட்டத்தைக் காட்டித் தப்பலாம் என்றும் பார்க்காதீர்கள். நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு எழுதுவார், வழிவாய்க்கால் எழுதுவார். தண்ணீரின் ருசியை எழுத அதில் இடமில்லை. அந்த இடத்தை விற்கிறவரின் வாய்தான் நிரப்ப வேண்டும்.

கைச்சாத்து இன்னும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். தொலைபேசியில் ஒரு கோல் எடுத்து, கோடையில் குடிக்கப் பவுசரில், அதாவது தாங்கி லொறியில், வரும் தண்ணீர்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பரப்புக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும்.

நீங்கள் சொன்னபடியே பெயரைப் போடவில்லை. ஊரைப் போட்டிருக்கிறேன். கனடாவிலும் நம் பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள்.