அரபு நாடுகளும் 'பேஸ்புக் புரட்சி'யும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2011இல் அரபு நாடுகளில் மக்கள் அரசுகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது 'பேஸ்புக் புரட்சி' என்று எழுதாத பத்திரிகை இல்லை. இன்று எகிப்தில் ராணுவத்திலிருந்து வந்தவர்தான் அதிபர். துனிசியாவில் 2022இல் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். டிவியும் இணையமும் அரபுச் சமூகங்களில் எதையும் மாற்றவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

ஆட்சியில் யார் என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் மக்கள் திரண்ட தஹ்ரீர் சதுக்கத்தை இரவெல்லாம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அங்கே ஒரு அரசு தன் பொய்யை எத்தனை நாள் காப்பாற்ற முடிகிறது என்று பாருங்கள்.

1967 ஜூன் 5 காலை, எகிப்து விமானப்படையின் பெரும்பகுதி தரையில் நின்றபடியே இஸ்ரேலின் குண்டுவீச்சில் அழிந்துபோனது. கெய்ரோவின் 'ஸவ்த் அல் அரப்' வானொலியோ எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருக்கிறோம் என்று அறிவித்தபடி இருந்தது. அன்றைய எகிப்து அதிபர் நாசரின் குரலை அரபு உலகம் முழுக்கக் கொண்டுபோன வானொலி அது. மக்கள் நம்பினார்கள், தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். நான்கு நாள் கழித்து நாசரே பதவி விலகுவதாகச் சொன்னபோதுதான் தோல்வி எவ்வளவு பெரியது என்று பலருக்கும் உறைத்தது.

1996 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் அல் ஜஸீரா டிவி தொடங்கியபோது அந்த ஒற்றைக் குரல் உடைந்தது. அதுவரை அரசு டிவியில் செய்தி என்றால் அதிபர் யாரை வரவேற்றார், யாருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார் என்பதுதான். இங்கே எதிரெதிர்க் கருத்துள்ள இருவர் நேரலையில் மோதிக்கொண்டார்கள், வீட்டிலிருந்து போன் செய்தவர்களும் பேசினார்கள். கத்தார் அரசின் பணத்தில் நடப்பது, கத்தாரைப் பற்றி அடக்கி வாசிப்பது என்ற குறை நியாயமானது. ஆனாலும் 2017இல் கத்தாரை முற்றுகையிட்ட அரபு நாடுகள் வைத்த 13 கோரிக்கைகளில் அந்தச் சேனலை மூடுவதும் ஒன்று.

அடுத்து, காலித் சயீத். 2010 ஜூனில் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்த அந்த இளைஞரை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து அடித்தே கொன்றார்கள். போதைப் பொட்டலத்தை விழுங்கி மூச்சு முட்டிச் செத்தார் என்றது அரசுத் தரப்பு. அவர் குடும்பத்தார் பிணவறையில் போனில் எடுத்த படம் இணையத்தில் பரவியது. தாடை உடைந்து, உதடு கிழிந்த முகம். அதற்குப் பிறகு அந்தப் பொட்டலக் கதையை யார் நம்புவார்கள்?

'நாமெல்லாம் காலித் சயீத்' என்ற பேஸ்புக் பக்கம் அப்போது உருவானதுதான். அதை எழுதிய வாயில் கோனிம் பத்திரிகைகளின் இலக்கண அரபியை விட்டுவிட்டு, எகிப்துத் தெருவில் பேசும் அரபியில் எழுதினார். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழிக்காரர்கள் நாம், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அரபி எழுத்தே இல்லாத பழைய போன்களில் பிள்ளைகள் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் கலந்து அரபி எழுதிப் பழகியிருந்தார்கள். 'மர்ஹபா' என்பதில் 'ஹ' வரும் இடத்தில் 7 போடுவார்கள். வீட்டில் பேசும் பேச்சு அப்படித்தான் எழுத்துக்குள் நுழைந்தது.

'பேஸ்புக் புரட்சி' என்ற பெயரை நானும் ஏற்கவில்லை. 2011 ஜனவரி 28 அதிகாலையோடு எகிப்தில் இணையத்தை அறுத்துவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து கிளம்பிய கூட்டம்தான் போலீஸைப் பின்வாங்க வைத்தது. முகத்தைப் பார்க்கவும் பொய்யை அறியவும் இணையம் வேண்டியிருந்தது. குண்டாந்தடிக்கு முன்னால் நிற்க உடம்புதான் வேண்டியிருந்தது.

அரசுகளும் பாடம் கற்றன. 2016இல் அமீரகத்தில் அகமது மன்சூர் என்ற மனித உரிமைப் போராளியின் ஐபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய ரகசியங்கள் இந்த லிங்கில் இருக்கின்றன என்றது அது. அவர் தொடவில்லை. டொரண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். தொட்டிருந்தால் அவர் போனே அவரை உளவு பார்த்திருக்கும். உள்ளே இருந்தது பெகாசஸ் என்ற உளவு மென்பொருள். ஆப்பிள் அவசரமாக ஓட்டையை அடைத்து, உலகத்தின் எல்லா ஐபோன்களுக்கும் அப்டேட் அனுப்பியது. மன்சூரை மறு ஆண்டு வீடு புகுந்து கைது செய்தார்கள். சமூக ஊடகத்தில் எழுதியவற்றுக்காக 2018இல் 10 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.