முதுமை ஏன் வருகிறது, எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: வயது ஏற ஏற உடம்பு ஏன் தளர்கிறது? எல்லாம் தேய்மானம்தானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தேய்மானம் என்பது பாதிப் பதில். உடம்பு தினமும் பழுதாகிறது, தினமும் தன்னைச் சரிசெய்தும் கொள்கிறது. வயதானால் அந்தச் சரிசெய்யும் வேலை மந்தமாகிவிடும்.

சோதனைக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதை 1961இல் அமெரிக்க உயிரியலாளர் ஹேஃப்ளிக் காட்டினார். ஒவ்வொரு பிரிவின்போதும் குரோமோசோம் (மரபுப்பொருள் இழை) நுனியிலுள்ள டெலோமியர் என்ற காப்புமுனை கொஞ்சம் குட்டையாகிறது. (டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்று கண்டறிந்த வேறு மூவருக்குத்தான் 2009 மருத்துவ நோபல் பரிசு.) நின்றுபோன செல்களில் சில சாகாமல் கிடந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கின்றன.

இன்னொரு காரணம் சர்க்கரை. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். லேபில் எடுக்கிற ‘மூன்று மாத சர்க்கரை’ டெஸ்ட், ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியதைத்தான் அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாளில் அழிந்து புதிது வந்துவிடும். தோலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கும் கொலாஜன் என்ற தாங்குபுரதமோ வருடக்கணக்கில் மாறாது. அதில் ஒட்டிய சர்க்கரை, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடும். சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டவர்கள் சீக்கிரம் மூப்படைய இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, எடை 60 கிலோ. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் கையூன்றாமல் எழ முடியவில்லை. மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், ராத்திரி கஞ்சி.
– வாசகி, கருங்கல்

பதில்: நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசைக்கு அது போதாது. 30 வயதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும், 60 தாண்டினால் இன்னும் வேகமாக. முகச்சுருக்கத்துக்குப் படுகிற கவலையில் பாதியை இதற்குப் பட்டால், பலர் விழாமல் இருப்பார்கள், இடுப்பெலும்புகளும் தப்பும்.

முதலில் சோதியுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பயிற்சியும் அதுதான். கைப்பிடி இல்லாத கனமான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். எழும்போது மூச்சை விடவேண்டும், உட்காரும்போது மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டு மெல்ல இறங்கவேண்டும். 8 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8, இப்படி மூன்று சுற்று. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். எழ முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

தொப்பென்று உட்கார்ந்தால் பயனில் பாதி போச்சு; தசைக்கு வேலை இறங்கும்போதும்தான். மூச்சைப் பிடித்தால் பிரஷர் ஏறும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் வலி வரும். மாதக்கணக்கில் அதே அளவில் நின்றாலும் தசை வளராது. 12 தடவை எளிதானதும் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யட்டும்.

சாப்பாட்டில் உள்ள குறை மரச்சீனிதான். 100 கிராமில் ஒன்றரை கிராம் புரதம்கூடத் தேறாது. மீன்கறி என்று சொன்னாலும் பல வீடுகளில் தட்டில் விழுவது சாறும் ஒரு துண்டும்தான். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். சுத்தம் செய்த சாளை (மத்தி மீன்) 100 கிராமில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6, முப்பது கிராம் சிறுபயறில் 7, ஒரு டம்ளர் பாலில் 6. ராத்திரிக் கஞ்சிக்குப் பயறும் இரண்டு முட்டையும் சேருங்கள். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். வயதானவர் தசைக்கு ஒரே வேளையில் நிறையப் போடுவதைவிட இது பலன் தரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: கணவர் கடலுக்குப் போகிறவர். 45 வயதில் 60 வயது முகம்.
– வாசகி, குளச்சல்

பதில்: வெயிலின் புற ஊதாக் கதிர் கொலாஜனை அறுக்கிறது. மேகமூட்டத்திலும் அது வரும், தண்ணீரில் பட்டும் ஓரளவு திரும்பும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துவர்த்து (துண்டு). இவை எந்த கிரீமையும்விட மலிவு. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல், தண்ணீரில் எளிதில் போகாத வகை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கறுப்புக் கண்ணாடியும் போடச் சொல்லுங்கள், வெயிலில் கிடப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம். பீடி இருந்தால் அதையும் விடவேண்டும்.

கேள்வி: இளமை தரும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. டெலோமியரை நீட்டும் மருந்து என்று விற்பதையும் நம்பாதீர்கள். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் பெருகுவதே அதை நீட்டிக்கொண்டுதான். அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

கேள்வி: ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறேன். தூக்கக்குறைவு முதுமையைக் கூட்டுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: நான்கு மணிக்கு எழுவதில் தவறில்லை, பத்தரைக்குப் படுத்துவிட்டு எழுவதுதான் தவறு. ஏழு மணி நேரம் வேண்டும், ஆகவே ஒன்பதுக்குள் விளக்கை அணையுங்கள். மதியம் இரண்டுக்குமேல் சாயா வேண்டாம். பகல் தூக்கம் அரைமணியோடு நிற்கட்டும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.