திரையில் பறக்கும் போர் விமானங்கள்: எது நிஜம், எது டூப்?

சினிமாவில் வரும் போர் விமானங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

கேள்வி: 'டாப் கன்' (1986) படத்தில் எதிரிகள் ஓட்டும் மிக்-28 எந்த நாட்டு விமானம் சார்? எங்கே தேடியும் கிடைக்கவில்லையே?

கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு விமானமே இல்லை. சோவியத் நாட்டின் மிக் போர் விமானங்களுக்கு வழக்கமாக ஒற்றைப்படை எண்தான் வரும்: 15, 17, 21, 29. படத்தில் கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தது அமெரிக்காவின் எஃப்-5 டைகர். ஆனால் அது கைக்குக் கிடைத்ததைப் பிடித்துப் போட்ட டூப் இல்லை. அமெரிக்கக் கடற்படை விமானிகளுக்கு வான்சண்டை கற்றுத்தரும் நிஜ டாப் கன் பள்ளியிலும் எதிரியாகப் பறந்து பயிற்சி கொடுத்தது எஃப்-5தான். அளவிலும் பறக்கும் விதத்திலும் மிக்-21க்கு அது நெருக்கம். பள்ளியில் போட்ட வேடத்தையே படத்திலும் போட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: 'டாப் கன்: மேவரிக்' (2022) படத்தில் டாம் க்ரூஸ் நிஜமாகவே ஓட்டினாரா?

படத்தில் வரும் கடற்படைப் போர் விமானமான சூப்பர் ஹார்னெட்டை ஓட்டவில்லை. கடற்படை அதற்கு அனுமதி தரவில்லை. முன்சீட்டில் கடற்படை விமானி, பின்சீட்டில் நடிகர். கடைசியில் வரும் பி-51 மஸ்டாங் மட்டும் க்ரூஸின் சொந்த விமானம், அதை அவரேதான் ஓட்டினார்.

பின்சீட்டில் உட்கார்ந்ததைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மற்ற நடிகர்களை முதலில் செஸ்னா 172, அப்புறம் எக்ஸ்ட்ரா 300, அடுத்து எல்-39 ஜெட் என்று படிப்படியாகப் பழக்கித்தான் சூப்பர் ஹார்னெட்டில் ஏற்றினார்கள். காக்பிட்டுக்குள் ஆறு கேமராக்கள். இயக்குநர் ஜோசப் கொசின்ஸ்கி உட்கார இடமில்லை என்பதால் கேமராவை ஓடவிடுவது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனிப்பது எல்லாம் நடிகர்கள் தலையில். இறங்கிய பிறகுதான் இயக்குநர் பதிவைப் பார்ப்பார். விமானம் திரும்பும்போது கன்னம் தொங்குவதும் மூச்சு திணறுவதும் எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித்தர முடியாதவை. கடற்படை வாங்கிய வாடகை மணிக்கு 11,374 டாலர். என் கணக்கில் அது கொடுக்கத் தகுந்த பணம்.

கேள்வி: அதே படத்தில் வரும் எஃப்-14 டாம்கேட்டும் நிஜம்தானா?

தரையில் நிற்பது நிஜம், பறப்பது கிராபிக்ஸ். டாம்கேட்டை அமெரிக்கா 2006இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. மன்னர் ஷாவின் காலத்தில், அமெரிக்காவோடு பகை மூளும் முன், ஈரான் 79 டாம்கேட்களை வாங்கியிருந்தது. உதிரி பாகங்கள் அங்கே போய்ச் சேரக்கூடாது என்று ஓய்வுபெற்ற விமானங்களில் பலவற்றை அமெரிக்கா துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது. மிஞ்சியவை அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. படத்துக்கு வந்தது சான் டியகோ அருங்காட்சியகத்தின் விமானம். அவ்வளவு அழகான விமானத்தை நறுக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: பழைய 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) படத்தில் அத்தனை ஜெர்மன் விமானங்கள் எங்கிருந்து வந்தன? கிராபிக்ஸ் இல்லாத காலமாயிற்றே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லாம் ஸ்பெயினிலிருந்து வந்தவை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தைத் தயாரிக்க ஸ்பெயின் உரிமம் வாங்கியது. போர் முற்றியதும் ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய டெய்ம்லர்-பென்ஸ் இன்ஜின்கள் வரவில்லை. உடம்பு இருக்கிறது, இன்ஜின் இல்லை. வேறொரு இன்ஜினைப் பொருத்திப் பார்த்துத் திருப்தி இல்லாமல், 1950களில் கடைசியாக ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லினைப் பொருத்தினார்கள். அது எதிரணியான பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இன்ஜின்! அப்படிப் பிறந்ததுதான் புச்சோன். ஹைன்கல் 111 குண்டுவீச்சு விமானத்தின் ஸ்பானிய வடிவத்துக்கும் அதே மெர்லின்தான். ஆக, அந்தப் படத்தில் ஒன்றையொன்று துரத்திச் சுடும் இரண்டு தரப்பிலும் உறுமுவது ஒரே ஆங்கிலேய இன்ஜின். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1935இல் மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் முதல் மாதிரி வானேறியபோதும் அதில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல் இன்ஜின்தான்.

அடுத்த முறை பார்க்கும்போது மூக்கைக் கவனியுங்கள். ஜெர்மன் இன்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அதனால் அசல் 109இல் புகைக்குழாய்கள் தாழ்வாக இருக்கும். புச்சோனில் அவை மேலே ஏறி, மூக்கின் கீழே தாடை புடைத்திருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் ஏமாற மாட்டீர்கள். 'மெம்ஃபிஸ் பெல்' (1990), 'டன்கர்க்' (2017) இரண்டிலும் மெஸ்ஸர்ஷ்மிட்டாக வருவது புச்சோன்தான்.

இத்தனை வேடம் இருந்தும், விமானப் படங்களில் எனக்கு 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்'தான் முதல் இடம். அந்த வானத்தில் அத்தனை விமானங்கள் உண்மையிலேயே பறந்தன. அவற்றைப் படம்பிடித்ததும் ஒரு பழைய பி-25 குண்டுவீச்சு விமானம்தான். கூட்டத்தில் மற்ற விமானிகளுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று அதற்குக் கண்ணைப் பறிக்கும் நிறங்களை அடித்து வைத்திருந்தார்கள்.

கேள்வி: ஜப்பானின் ஜீரோ போர் விமானம்?

'டோரா! டோரா! டோரா!' (1970) படத்தில் வருபவை அமெரிக்கப் பயிற்சி விமானமான டெக்ஸனை மாற்றியமைத்தவை. ஹார்வர்ட் என்ற பெயரில் நம் விமானப்படையில் பல தலைமுறை விமானிகள் பழகிய அதே விமானம். அந்தப் படத்தில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் ஒற்றைச் சக்கரத்தில் இறங்கும் காட்சி வருமே, அது திட்டமிட்டு எடுத்ததே அல்ல. படப்பிடிப்பின்போது நிஜமாகவே ஒரு சக்கரம் இறங்கவில்லை. கேமராவை ஓடவிட்டுப் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: விமானம் கீழே பாயும்போது 'ஊஊஊ' என்று ஏறிக்கொண்டே போகும் சத்தம் நிஜமாகவே வருமா?

ஒரே ஒரு விமானத்துக்கு வந்தது. ஜெர்மனியின் ஸ்டுகாவில், கீழே இருப்பவர்களைக் கதிகலங்க வைக்க, சக்கரக் கால்களில் காற்றில் சுழலும் சைரனைப் பொருத்தினார்கள். அது வேகத்தைக் குறைத்ததால் பின்னாளில் பலவற்றில் கழற்றியும் விட்டார்கள். சினிமாக்காரர்கள் மட்டும் விழுகிற எல்லா விமானத்துக்கும் அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தலாம்.

கேள்வி: இந்தக் காட்சிகளை எடுக்கும்போது உயிர்ச்சேதம் நடந்ததுண்டா அண்ணா?

உண்டு தம்பி. 'டாப் கன்' முடிவில் ஆர்ட் ஷால் என்பவருக்கு அஞ்சலி வருவதைக் கவனித்திருப்பீர்கள். வான்சாகசத்தில் பேர்பெற்ற விமானி. விமானம் தட்டாமாலையாகச் சுழன்று விழும் காட்சிக்காக, 1985 செப்டம்பரில் கலிஃபோர்னியா கடலோரத்தில் கேமரா பொருத்திய பிட்ஸ் விமானத்தைச் சுழலவிட்டார். அந்தச் சுழற்சியிலிருந்து மீளவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1965இல், பால் மான்ட்ஸ் ஒரு படப்பிடிப்பில் இறந்தார். 'ட்வெல்வ் ஓ'க்ளாக் ஹை' (1949) படத்துக்காக ஒரு பி-17ஐத் தன்னந்தனியாக ஓட்டி வேண்டுமென்றே சக்கரங்களை விரிக்காமல் வயிற்றில் இறக்கிக் காட்டியவர் அவர்.

டைட்டிலில் வரும் இந்தப் பெயர்களைப் படிக்காமல் எழுந்து போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: படத்துக்கு ராணுவம் ஏன் விமானம் கொடுக்கிறது? கதையில் தலையிடாதா?

கட்டாயம் தலையிடும். அமெரிக்காவில் திரைக்கதையைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் உதவி. 'இண்டிபெண்டன்ஸ் டே' (1996) கதையில் ரகசிய ராணுவத் தளமான ஏரியா 51 வருகிறது என்பதற்காகவே கையை விரித்துவிட்டார்கள். 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்துக்கும் உதவி இல்லை. இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் அரசிடம் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டை என்று படப்பிடிப்பு நடுவிலேயே அவற்றை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. விமானத்தை நிஜமாகக் காட்டவேண்டுமென்றால் கதையை அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நம் படங்கள்?

'பார்டர்' (1997) படத்தில் ஹண்டர் விமானங்கள் வருகின்றன. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கியது ஜெய்சால்மரிலிருந்து கிளம்பிய ஹண்டர்கள்தான். இரவில் தாக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. விடியும்வரை தரைப்படை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது, படத்தின் உயிரும் அந்தக் காத்திருப்புதான். 'ஃபைட்டர்' (2024) படத்தில் சுகோய்-30 எம்.கே.ஐ. கண்ணுக்கு விருந்து, ஆனால் சண்டைக் காட்சிகளில் கிராபிக்ஸ் தூக்கல். 'ரங் தே பசந்தி' (2006) மிக்-21 விபத்துகளைத் தொட்டதால், வெளியாகும் முன் பாதுகாப்பு அமைச்சரும் விமானப்படைத் தளபதியும் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் சிவாஜி 'சிவகாமியின் செல்வன்' (1974) படத்தில் விமானப்படை விமானியாக வந்தார். இந்தியில் வந்த 'ஆராதனா'வின் தமிழ் வடிவம் அது.

கேள்வி: கிராபிக்ஸா நிஜமா என்று நாங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

விமானத்தைப் பார்க்காதீர்கள், கேமரா எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். நிஜக் காட்சியில் கேமராவும் இன்னொரு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ பறந்துகொண்டிருக்கும். அதற்கும் எடை உண்டு, சட்டென்று திரும்ப முடியாது, ஆடும், சில நொடி பின்தங்கும். இறக்கைக்கும் மூக்குக்கும் நடுவே புகுந்து, சுற்றிவந்து, விமானியின் கண்ணுக்குள் போகிற கேமரா கம்ப்யூட்டரில் மட்டும்தான் பறக்கும்.