வண்டியின் பெயர் மட்டும் போதாது: பழைய வண்டி உதிரிபாகக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. வண்டியின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. பாக எண்ணும் இல்லை, அளவும் இல்லை. அதை வைத்து நான் என்ன சொல்வது? பழைய பாகத்தைக் கழற்றி, துடைத்து, மேலே பொறித்திருப்பதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பதில் கீழே.

கே: 1968 மாடல் காருக்குத் தபாலில் கிளட்ச் பிளேட் வரவழைத்தேன். விட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் ஷாஃப்டில் ஏறவில்லை.

ப: ஸ்ப்ளைன் பற்களை, அதாவது பிளேட்டின் நடுத்துளைக்குள் ஷாஃப்டைப் பிடிக்கும் பற்களை, எண்ணினீர்களா? கிளட்ச் பிளேட்டுக்கு மூன்று விவரம் வேண்டும்: வெளிவிட்டம், பற்களின் எண்ணிக்கை, ஷாஃப்டின் விட்டம். நீங்கள் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஆண்டின் நடுவே கியர்பாக்ஸை மாற்றிய கம்பெனிகள் உண்டு. ஒரு வருஷம் தயாரான வண்டி அடுத்த வருஷம் பதிவாவதும் சகஜம். அதனால் ஆண்டைச் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் கொடுங்கள். பழைய பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புதியது மாட்டி, வண்டி ஓடி, ஒரு மாதம் ஆகும்வரை பழையதைத் தூக்கிப் போடவே கூடாது.

கே: வீல் பேரிங் கிடைக்கவில்லை. கம்பெனி நிறுத்திவிட்டதாம்.

ப: வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் பேரிங் செய்வதில்லை, பேரிங் கம்பெனியிடம் வாங்கித் தங்கள் எண்ணை ஒட்டுகிறார்கள். உங்கள் பேரிங்கின் பக்கவாட்டைப் படியுங்கள். 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவுதான். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அது உள்ளே விட்டிருக்கும் கூடுதல் இடைவெளியைக் குறிப்பது, விட்டுவிடக் கூடாது. ஆயில் சீலும் இப்படித்தான்: 30-47-7 என்றால் ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் ஹவுசிங்கின் விட்டம், சீலின் அகலம். எண் அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கே: "ஓஇஎம் தரம்" என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

ப: ஓஇஎம் என்றால் வண்டிக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுப்பவர். "தரம்" என்ற சொல் ஒட்டிக்கொண்டதுமே அதற்கு மதிப்பில்லை. தயாரித்த கம்பெனி யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லாதவரிடம் பிரேக், ஸ்டியரிங் சாமான் வாங்காதீர்கள்.

கே: 1980-களில் பேக் செய்து, சீல்கூட உடைக்காத அசல் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரிப்பேர் கிட் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை அதிகம். விடலாமா?

ப: விட்டுவிடுங்கள். இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ரப்பருக்குப் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் வெப்பமும் அதை மெல்ல இறுக்கிவிடும். கம்பெனி முத்திரை அதைத் தடுக்காது. ஒருமுறை நானே ஏமாந்தேன். முப்பது வருஷத்துப் பெட்டி, உள்ளே பளபளவென்று பிரேக் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள். விற்றவர் "அசல், புத்தம் புதுசு" என்றார். மாட்டினேன். மூன்றாவது வாரம் இறக்கத்தில் பெடல் தரை தட்டியது. கைப்பிரேக் பிடித்ததால் தப்பினேன். கழற்றிப் பார்த்தால் கப்பின் உதடு முழுக்க மயிரிழை வெடிப்பு.

பழைய ஸ்டாக்கில் எதை வாங்கலாம்? கியர், வார்ப்புப் பாகம், கண்ணாடி, விளக்கு லென்ஸ், குரோம் சாமான் எல்லாம் தாராளமாக வாங்கலாம்; சில இன்றைய நகல்களைவிட நன்றாகவே இருக்கும். சீல், ஹோஸ், டயாஃப்ரம், கப் எதுவும் வேண்டாம். பிரேக் லைனிங் கூடவே கூடாது: பசை விட்டுப்போயிருக்கலாம், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். இன்று தயாரித்த கிட் வாங்குங்கள், தயாரித்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். சாதாரண பிரேக் சிஸ்டத்தின் ரப்பர் மினரல் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பிரேக் திரவத்தை "பிரேக் ஆயில்" என்று சொல்லிச் சொல்லியே இந்தத் தவறு நடக்கிறது. உங்கள் சிஸ்டத்துக்குச் சொல்லப்பட்ட திரவத்தைத்தான் தடவ வேண்டும். டாட் 3, டாட் 4 ரகத் திரவம் உள்ள சிஸ்டத்தில் டாட் 5 ஊற்றவே கூடாது. அது சிலிக்கான், மற்றதோடு கலக்காது.

கே: தபாலில் வந்த டயரில் 0914 என்று இருக்கிறது. ஓடாத டயர்தான்.

ப: 2014-ஆம் ஆண்டின் 9-வது வாரத்தில் தயாரானது. ஓடாவிட்டாலும் பத்து வயது தாண்டிவிட்டது. திருப்பி அனுப்புங்கள். டயரும் ரப்பர்தானே.

கே: 7 என்று எண்ணிட்ட என்ஜிகே ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தில், அதே 7 போட்ட பாஷ் பிளக் வாங்கினேன். ஒத்துவருமா?

ப: எண்ணை அப்படி ஒப்பிடக் கூடாது. என்ஜிகேயில் எண் கூடக் கூட பிளக் "குளிர்ந்தது", அதாவது வெப்பத்தைச் சீக்கிரம் வெளியே கடத்துவது. பாஷில் எண் கூடக் கூட "சூடானது". தலைகீழ் முறை. சூடான பிளக் தவறிப்போய் மாட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ஒப்பீட்டு அட்டவணை பார்த்து, மரையின் நீளத்தையும் சரிபார்த்து வாங்குங்கள்.

கே: இக்னிஷனில் புதிய கண்டென்சர் மாட்டியதிலிருந்து வண்டி சூடானதும் நிற்கிறது. ஆறினால் ஓடுகிறது.

ப: கண்டென்சர்மேல்தான் எனக்குச் சந்தேகம். இன்று வரும் மலிவுச் சரக்கில் இது அடிக்கடி நடக்கிறது. பழையதை மறுபடி மாட்டிப் பாருங்கள். தூக்கிப் போடவில்லையே? அதில் சரியாக ஓடினால் விஷயம் முடிந்தது. புதியது வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ரீபில்ட் செய்த கார்புரேட்டருக்குப் பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: புதியது நன்றாக ஓடிய பிறகு கொடுங்கள், அதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாடியில் பொறித்த எண்ணைப் படமெடுத்து வையுங்கள். அனுப்பும்முன் பெட்ரோலை முழுக்க வடித்துக் காய விடுங்கள். பெட்ரோல் வாடையோடு பார்சல் போகக் கூடாது.

கே: வண்டியை அடுத்த வருஷம்தான் பிரிக்கப்போகிறேன். பாகங்களை இப்போதே வாங்கிவிடலாமா?

ப: இரும்புச் சாமானை வாங்கலாம். ஆனால் பார்சல் வந்த அன்றே பிரித்து அளந்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் காலம் உங்களுக்காகக் காத்திருக்காது. ரப்பரை வண்டியைப் பிரிக்கும் மாதத்தில் வாங்குங்கள்.